குட்டி போட்ட நாயும் பேரன் காலில் ஊரும் சிவப்புக் கோடும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் அருகே ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்கள் நாய் குளியலறைக்குப் பின்னால் ஐந்து குட்டி போட்டு மூன்று வாரம் ஆகிறது. வீட்டை எடுத்துக் கட்ட இறக்கிய மணல் குவியலில்தான் நாலு வயதுப் பேரன் நாள் முழுக்க விளையாடுகிறான். பத்து நாளாக அவன் பாதத்தில் ஒரு சிவப்புக் கோடு. ராத்திரியெல்லாம் சொறிந்து அழுகிறான். கிளினிக்கில் படை என்று களிம்பு கொடுத்தார்கள், கேட்கவில்லை. மருமகள் ஐந்து மாதக் கர்ப்பம். நாயையும் குட்டிகளையும் செம்பனைக் காட்டில் விட்டுவிடச் சொல்கிறார்கள் பக்கத்து வீட்டார். என்ன செய்வது?"

அம்மா, முதலில் பேரன் காலைப் பார்ப்போம், அப்புறம் நாய்.

இன்று இரவு அவன் தூங்கியதும், கோடு எங்கே முடிகிறதோ அந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். காலையில் கோடு அந்தப் புள்ளியைத் தாண்டி வளைந்து போயிருந்தால் அது படை இல்லை. நாய், பூனைகளின் குடலில் வாழும் கொக்கிப்புழுவின் இளம்புழு பையனின் தோலுக்குள் ஊர்ந்து போகிறது என்று அர்த்தம். நாளுக்குச் சில மில்லிமீட்டர் முதல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வரை அது நகரும். படை வட்டமாகப் பரவும், ஓரம் செதில் செதிலாக உரியும். இப்படிப் புடைத்துக்கொண்டு நெளிந்து ஓடாது. ஆனால் ஆரம்பத்தில் வெறும் சிவப்புத் தடிப்பாக இருக்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. அதனால் கோட்டைத் தினமும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டில் நாய் குட்டி போட்டிருக்கிறது, பையன் மணலில் விளையாடுகிறான் என்பதை அவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லுங்கள்.

படைக் களிம்பு இதற்கு வேலை செய்யாது. பெரும்பாலும் அல்பெண்டசோல் அல்லது ஐவர்மெக்டின் மாத்திரை கொடுப்பார்கள். ஐவர்மெக்டினை 15 கிலோவுக்குக் குறைவான பிள்ளைகளுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. நாலு வயதுப் பையன் அந்த எல்லையை ஒட்டித்தான் இருப்பான். எனவே கடையில் வாங்கி நீங்களாகக் கொடுக்க வேண்டாம். ஊசியால் கிளறுவது, ஐஸ் வைத்து அழுத்துவது இதெல்லாமும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் கோடு புழு கடந்து போன பாதைதான். புழு அந்த முனையைத் தாண்டி முன்னால் போயிருக்கும். மனிதத் தோலில் அதனால் வளர முடியாது, சில வாரங்களில் தானாகவே செத்துவிடும். என்றாலும் சொறிந்து புண்ணாகிச் சீழ் பிடித்தால் அது வேறு தொல்லை. பையனின் நகத்தை இன்றைக்கே ஒட்ட வெட்டிவிடுங்கள்.

பையனுக்கு அடிக்கடி வயிற்றுவலி, சோர்வு, முகம் வெளுத்துப்போவது என்று ஏதாவது இருந்தால் மலப் பரிசோதனையும் கேளுங்கள். நம் வட்டாரத்து நாய்களிடம் இருக்கும் கொக்கிப்புழுக்களில் ஒரு வகை, மனிதக் குடலிலும் குடியேறி ரத்தம் குடிக்கக்கூடியது. தோட்டத்து மக்களுக்குக் கொக்கிப்புழு புதிதல்ல. 1915 முதல் 1917 வரை ராக்ஃபெல்லர் அறக்கட்டளை ஒரு குழுவை மலாயாவுக்கு அனுப்பி ஆராயும் அளவுக்கு அது அன்றைய தொழிலாளர்களை வாட்டியது. அது பெரும்பாலும் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவிய புழு. ஆனால் இரண்டுக்கும் வழி ஒன்றுதான்: ஈர மண், வெறுங்கால்.

இனி நாய். நீங்கள் மனதில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று. பேரனுக்கு இது நாயைத் தொட்டதால் வரவில்லை, நாள்கணக்கில் கிடந்த மலத்தால் வந்தது. நாய் போட்டவுடன் அந்த மலத்தில் இருப்பது வெறும் முட்டை. ஈரமான சூட்டில் ஒன்றிரண்டு நாளில் பொரிக்கும். அதன்பின் தோலைத் துளைக்கும் பருவத்துக்கு வர ஏறக்குறைய 5 முதல் 10 நாள் ஆகும். வந்துவிட்டால் நிழலும் ஈரமும் உள்ள மணலில் மூன்று நான்கு வாரம் உயிரோடு காத்திருக்கும். வெயிலில் காய்ந்த மண்ணில் அதனால் தாங்க முடியாது. உங்கள் குளியலறைக்குப் பின்புறத்தை நினைத்துப் பாருங்கள்: தகரக் கூரையின் நிழல், எப்போதும் ஒழுகும் தண்ணீர், பக்கத்திலேயே மணல். புழுவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அன்றாடம் போட்டதை அன்றாடம் அள்ளிவிட்டால் முட்டைக்கு அந்த அவகாசமே கிடைக்காது. அள்ளியதைக் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றுங்கள், அல்லது இரட்டைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். கீரைப் பாத்திக்கு எருவாகப் போட வேண்டாம். மணல் குவியலைக் கென்வஸ் போட்டு மூடுங்கள். ஊர்ப் பூனைகளும் அதைத்தான் தேடி வரும், அவற்றுக்கும் இந்தப் புழு உண்டு.

குட்டிகளுக்கு மூன்று வாரம்தான் ஆகிறது என்றால், பேரன் காலில் ஏறியது தாய் நாயோ பூனையோ முன்பே அந்த மணலில் விட்டதாகத்தான் இருக்கும். குட்டிகளின் பங்கு இனிமேல்தான் வரப்போகிறது. இந்த வாரத்தைத் தவறவிட வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

தாய் நாயின் தசைகளில் இளம்புழுக்கள் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். சினை பிடித்ததும் அவை விழித்துக்கொள்கின்றன. நாயின் குடலில் வாழும் இன்னொரு புழுவான உருண்டைப்புழு தாய் வயிற்றுக்குள்ளேயே குட்டிக்குப் போய்விடும், கொக்கிப்புழு பாலில் போகும். ஆக, எவ்வளவு சுத்தமாக வளர்த்த நாயின் குட்டியும் புழுவோடுதான் வளர்கிறது. குட்டியின் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் சரி. வெளுத்துப் போய், மலமும் கறுப்பாக இருந்தால் கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. அந்தக் குட்டி ஓரிரு நாளில் செத்துவிடலாம், அன்றே மருத்துவரிடம் தூக்கிப் போங்கள். உடம்பு மெலிந்து வயிறு மட்டும் உப்பியிருந்தால் பெரும்பாலும் உருண்டைப்புழு.

குட்டிகளுக்குக் குடற்புழுவை நீக்கும் பூச்சி மருந்தை இரண்டாவது வாரத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். பரவாயில்லை, இப்போதே தொடங்குங்கள். பைராண்டெல் என்ற மருந்து திரவமாகக் கிடைக்கும், சின்னக் குட்டிக்கும் பாதுகாப்பானது. சமையல் தராசில் ஒவ்வொரு குட்டியையும் நிறுத்து, அந்த எடையைச் சொல்லிக் கால்நடை மருத்துவரிடம் அளவு கேளுங்கள். மறுநாள் மலத்தில் வேகவைத்த மீகூன் (அரிசி நூடுல்ஸ்) மாதிரி புழுக்கள் சுருண்டு வந்தால் பயப்பட வேண்டாம், மருந்து வேலை செய்கிறது. ஆனால் அது குடலில் இருப்பதை மட்டுமே கொல்லும்; உடம்புக்குள் அலைபவை பிறகு குடலுக்கு வந்து சேரும். அதனால்தான் எட்டு வாரம் ஆகும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறை. குட்டிகளுக்குக் கொடுக்கும் நாளில் தாய்க்கும் கொடுங்கள். தோட்டத்தில் மாடு வளர்ப்பவர்கள் சிலர் மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைத் 'துளி போதும்' என்று நாய்க்கும் போட்டுவிடுவார்கள். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். நாய் உடம்புக்கு அந்தத் துளியே அதிகமாகிவிடும், வலிப்பு வந்து சாகக்கூடும்.

உருண்டைப்புழு மனிதருக்கு வரும் வழி வேறு. அதன் முட்டை மண்ணில் வாரக்கணக்கில் கிடந்து முதிர்ந்த பிறகு, அந்த மண் பட்ட விரலை வாயில் வைத்தாலோ, சரியாகக் கழுவாத கீரையைத் தின்றாலோ உள்ளே போகிறது. மனித உடம்பில் அது பெரிய புழுவாக வளராது என்பதால் மலப் பரிசோதனையில் தெரியாது, ரத்தப் பரிசோதனைதான் வேண்டும். அரிதாகக் கண்ணுக்குள் போய் ஒரு கண்ணின் பார்வையைக் கெடுத்துவிடும். பையனுக்கு ஒரு கண் மாறுகண்ணாகத் திரும்பினாலோ, கருமணியில் வெண்மை தெரிந்தாலோ தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இழுப்புடன் நீடிக்கும் இருமல் இருந்தால் டாக்டரிடம் நாய்க்குட்டி விஷயத்தைச் சொல்லுங்கள்.

மருமகள் நாயைத் தடவலாம், அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். மலம் அள்ளும் வேலையை மட்டும் வேறு யாராவது பாருங்கள். அவருக்கும் காலில் கோடு வந்தால், கர்ப்பம் என்று சொல்லாமல் எந்தப் பூச்சி மாத்திரையும் வாங்க வேண்டாம்.

செம்பனைக் காட்டில் விடுவதால் உங்கள் மணலில் ஏற்கெனவே இருக்கும் புழு போகாது. அதோடு, 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி வளர்க்கும் பிராணியைப் பராமரிப்பது உரிமையாளரின் கடமை. பேசிய பக்கத்து வீட்டாரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். கோயில் வளாகத்தில் எல்லாரும் வெறுங்காலோடுதான் நடக்கிறோம். அங்கே செருப்புப் போடு என்று யாரிடமும் சொல்ல முடியாது. ஆகவே அங்கே கிடக்கும் நாய், பூனை மலத்தைத் தினமும் காலையில் அள்ளுவதுதான் வழி. நாலு வீடு முறை வைத்துச் செய்தால் பெரிய வேலை இல்லை.

குட்டிகளைக் கேட்டு வருபவர்கள் இருந்தால் எட்டு வாரம் முடிந்தபின் கொடுங்கள், பூச்சி மருந்து கொடுத்த தேதிகளை ஒரு தாளில் எழுதியே கொடுங்கள். பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடை செய்துவிடுங்கள். இனி சினை பிடிக்காவிட்டால், தசையில் உறங்கும் புழு இன்னொரு ஈற்றுக் குட்டிகளுக்குப் போகாது.