வரைபடத்துக் கிலோமீட்டரும் வாசல் சேரும் நேரமும்

கேள்வி: நான் செல்ல வேண்டிய நகரம் வான்வழியில் 400 கிலோமீட்டர், சாலைவழியில் 520 கிலோமீட்டர் என்றும், விமானத்தில் 1 மணி நேரமும் காரில் 8 மணி நேரமும் ஆகும் என்றும் தூரம் கணக்கிடும் தளம் ஒன்று காட்டுகிறது. பயணச்சீட்டிலோ விமான நேரம் 1 மணி 20 நிமிடம் என்று இருக்கிறது. எதை நம்பி முடிவு செய்வது?

பதில்: பயணச்சீட்டை நம்புங்கள். இத்தகைய தளங்கள் பெரும்பாலும் இரு நகரங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை எடுத்துக்கொண்டு, பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள உருண்டையாகக் கருதி, அதன் மேற்பரப்பில் மிகக் குறுகிய வளைகோட்டை அளந்து, கிடைத்த தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டர் போன்ற ஒரே வேகத்தால் வகுத்து, அரை மணி நேரத்தைக் கூட்டிச் சொல்லிவிடுகின்றன. பூமி சரியான உருண்டை அல்ல என்பதால் வரும் பிழை, உங்கள் 400 கிலோமீட்டரில் சுமார் இரண்டு கிலோமீட்டர்தான். பிழை தூரத்தில் அல்ல, நேரத்தில்தான் இருக்கிறது. இவ்வளவு குறுகிய பயணத்தில் பெரும்பகுதி மேலே ஏறுவதிலும் கீழே இறங்குவதிலுமே கழிந்துவிடும். மேலும், சீட்டில் அச்சிடும் நேரம் விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் வந்து நிற்கும் வரைக்குமானது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் நிமிடங்களும் அதில் அடக்கம்.

ஆனால் நீங்கள் ஒப்பிட வேண்டியது வாசலிலிருந்து வாசலுக்கு ஆகும் நேரத்தை. விமான நிலையம் சேர 1 மணி நேரம், அங்கே முன்கூட்டியே இருக்க வேண்டிய 2 மணி நேரம், பயணம் 1 மணி 20 நிமிடம், பெட்டிக்காகச் சுழல்பட்டியின் முன் நிற்பது அரை மணி நேரம், நகருக்குள் செல்ல 50 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 5 மணி 40 நிமிடம் ஆகிறது. காரில் ஓய்வுக்கு 1 மணி நேரம் சேர்த்தால் 9 மணி நேரம். எனவே விமானச் சீட்டு வாங்கத் தகுந்ததே. இதுவே வான்வழியில் 200 கிலோமீட்டராக இருந்திருந்தால், விமானத்தில் கால் மணி நேரம்தான் குறையும். சாலையிலோ பாதியாகிவிடும் என்பதால் காரையே சொல்லியிருப்பேன். வாடகை வண்டி பேசுவதானால், சாலைத் தூரத்தை மட்டும் வைத்துப் பேசுங்கள். வண்டி வெறுமனே திரும்பும் தூரத்துக்கும் கட்டணம் உண்டா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: லண்டனில் காலை 10 மணிக்குப் புறப்படும் விமானம் நியூயார்க்கைப் பகல் 1 மணிக்குச் சேரும் என்கிறது பயணச்சீட்டு. சுமார் 5,550 கிலோமீட்டரை மூன்று மணி நேரத்தில் கடக்க முடியுமா?

பதில்: முடியாது. சீட்டில் இருப்பவை அந்தந்த ஊரின் நேரங்கள். நியூயார்க் வழக்கமாக 5 மணி நேரம் பின்தங்கியிருப்பதால் உண்மையான பயண நேரம் 8 மணி. இதே தூரத்தைச் சில தளங்கள் 3,000 என்று காட்டினால், அது 1.852 கிலோமீட்டர் கொண்ட கடல் மைல். தரை மைல் என்று எண்ணிப் பெருக்கினால் 700 கிலோமீட்டருக்கும் மேல் குறைந்துபோகும். திரும்பும் பயணத்தை இதன் நகலாகக் கருத வேண்டாம். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் தாரைக் காற்று பின்னிருந்து தள்ளுவதால், அது பெரும்பாலும் 7 மணி நேரத்தை ஒட்டியே முடிந்துவிடும்.