ஏப்ரல் லீவும் மலையக ஈரமும்

தங்கச்சி, திருச்சியிலிருந்து நுவரெலியாவுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, பள்ளிக்கூட லீவு விட்டதும் ஐந்து வயது மகள் வீட்டுக்குள் முடங்கிவிட்டாள், இணையத்தில் பார்த்த வசந்தகாலக் கைவேலை ஒன்றுகூட இங்கே சரியாக வரவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். வராதுதான். அதெல்லாம் பனி உருகுகிற நாட்டுக்காரர்கள் எழுதியது. பதினாலு வருடம் முன்பு மதுரையிலிருந்து வந்தபோது நானும் அதையே பார்த்துச் செய்து பசையும் பேப்பரும் வீணாக்கினேன்.

இந்த ஊரில் வசந்தம் என்றால், கொழும்பு வெயிலில் வேகிற ஏப்ரலில் ஆட்கள் குளிர் தேடி மலையேறி வருகிற காலம். வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பழக்கம். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கிரகரி வாவியில் படகு, ரோடு முழுக்க வேன். ஊர்க்காரர்கள் ‘சீசன்’ என்று சொல்வது இதைத்தான். ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள். மற்ற நாளெல்லாம் வீட்டில்தான் சமாளிக்க வேண்டும்.

வீட்டில் உங்கள் எதிரி ஈரம். வந்த வருடமே நம்ம ஊர் ஞாபகத்தில், பூவைப் புத்தகத்துக்குள் வைத்துக் காயவைக்கலாம் என்று கணவருடைய தடிப் புத்தகம் ஒன்றை எடுத்தேன். பத்து நாள் கழித்துத் திறந்தால் பூ கறுத்து, சுற்றிலும் பூஞ்சணம். அந்தப் பக்கங்களை இன்றைக்கும் எனக்குக் காட்டுவார். அதனால் புத்தகம் வேண்டாம். பழைய வீரகேசரிப் பத்திரிகைத் தாள்களுக்கு நடுவில் பூவை வைத்து, தண்ணீர் ஊற்றாத இஸ்திரிப் பெட்டியை மெல்லிய சூட்டில் பத்துப் பதினைந்து விநாடி அழுத்துங்கள், எடுத்து ஆறவிடுங்கள், மறுபடி அழுத்துங்கள். தாளை மட்டும் ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். ரோஜா, பிகோனியா மாதிரிச் சதைப்பிடிப்பான பூவெல்லாம் சொதப்பும். வேலியோரம் பூத்திருக்கும் ஹைட்ரேஞ்சியாவின் தனித்தனிச் சின்னப் பூக்கள் அழகாகப் படியும். அது இங்கே ஏன் இவ்வளவு நீலம் என்று மகள் கேட்டால் மண்ணைக் காட்டுங்கள். தேயிலைக்குப் பிடித்த அதே புளிப்பு மண்தான் அந்தப் பூவுக்கு நீலம் கொடுக்கிறது. வாயில் மட்டும் வைக்க விடாதீர்கள், அந்தச் செடி நஞ்சு. விக்டோரியா பூங்காவில் பூப் பறிக்கிற ஆசையும் வேண்டாம், காவலாளி சத்தம் போடுவார்.

ஈரத்தோடு சண்டை போடாத ஒரு வேலையும் இருக்கிறது, எனக்குப் பிடித்தது அதுதான். ரோட்டோரப் பைன் மரங்களுக்குக் கீழே காய் விழுந்து கிடக்கும். மதுரைக்காரிக்கு இதைப் பார்க்கக் கொடைக்கானல் போக வேண்டியிருந்தது, இங்கே பொறுக்கிக்கொள்ளலாம். ஒன்றை நூலில் கட்டி ஜன்னலுக்கு வெளியே தொங்கவிடுங்கள். மூட்டம் இறங்கினால் செதிலெல்லாம் மூடிக்கொள்ளும், வெயில் வந்தால் விரியும். செதிலின் வெளிப்பக்கம் உள்பக்கத்தைவிட அதிகமாக ஈரம் குடித்து உப்புவதால் அது உள்ளே வளைகிறது, அவ்வளவுதான். உதிர்ந்து காய்ந்த காய்கூட இப்படித்தான் நடந்துகொள்ளும். என் மகன் காலையில் எழுந்ததும் காயைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு ஸ்வெட்டர் வேண்டுமா என்று அவனே முடிவு செய்வான். பாதி நாள் சரியாகவும் இருக்கும்.

மார்க்கெட் போய் வந்த அன்று லீக்ஸ் அடியை நறுக்கி வண்ணத்தில் தொட்டு அச்சுக் குத்தவிடுங்கள், வளையம் வளையமாக விழும். கோவாவைப் பாதியாக வெட்டினால் மரம் மாதிரி வரும். (நம்ம முட்டைக்கோஸ்தான் இங்கே கோவா.) பீட்ரூட் சாறும் வண்ணத்துக்கு ஆகும், ஆனால் சில நாளில் மங்கிப் பழுப்பாகிவிடும், அதை நம்பி வாழ்த்து அட்டை செய்யாதீர்கள். முட்டை ஓட்டில் முகம் வரைந்து பயறு போடுவதும் நடக்கும், குளிரில் முளைக்கத்தான் ரொம்ப நாள் எடுக்கும்.

அப்புறம், மே மாதப் பௌர்ணமிக்கு வெசாக், புத்தர் பிறப்பைக் கொண்டாடுகிற பண்டிகை. அன்றைக்கு வாசலில் தொங்கவிடுகிற காகித விளக்குக் கூட்டை இப்போதே கட்டத் தொடங்கிவிடுங்கள். ஒரே அளவில் 24 ஈர்க்குத் துண்டு வெட்டி, நான்கு நான்காகக் கட்டினால் ஆறு சதுரம். நான்கு சதுரங்களை மூலைக்கு மூலை சேர்த்து வட்டமாக நிறுத்தி, மேலே ஒரு சதுரம், கீழே ஒரு சதுரம். நடுநடுவே எட்டு முக்கோணம் தானாகவே வந்துவிடும். சிங்களத்தில் அட்டபட்டம என்பார்கள். இந்த உயரத்தில் தென்னை இல்லை, ஈர்க்குக்கு விளக்குமாற்றைத்தான் பிரிக்க வேண்டும். கட்டுவது உங்கள் வேலை, டிசு பேப்பர் ஒட்டுவதும் வால் கத்தரிப்பதும் அவள் வேலை. உள்ளே மெழுகுதிரி வேண்டாம், சின்ன பல்பு போதும்.

கடையில் சார்ட் பேப்பர் என்றால் முழிப்பார்கள், பிரிஸ்டல் போர்ட் என்று கேளுங்கள். நோட்டு இங்கே கொப்பி. பசைக்கு மைதா தேடி அலையாதீர்கள், கோதுமை மா என்று தருவதே அதுதான், தண்ணீர் விட்டுக் காய்ச்சினால் பசை தயார். அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள். காலையிலேயே ஒட்டிவிடுங்கள், மத்தியானம் மழை வந்தால் எதுவும் காயாது.

எங்கள் முதல் கூட்டைப் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாதான் திருத்திக் கட்டிக்கொடுத்தார். ராத்திரி மழை பிடித்தால் மறக்காமல் உள்ளே எடுத்துவிடுங்கள். நான் மறந்துபோய், டிசு பேப்பர்ச் சாயம் சுவரெல்லாம் இறங்கி, வாடகை வீட்டுக்கு என் காசில் வெள்ளையடித்தேன்.