இடது போட்டால் வலதும் மின்னுகிறது!

கேள்வி: பைக்கின் நான்கு இண்டிகேட்டருக்கும் எல்.இ.டி. போட்டேன். இப்போது படபடவென்று வேகமாக மின்னுகிறது, இடது போட்டால் வலதும் சேர்ந்து எரிகிறது. மெக்கானிக் பேட்டரியை மாற்றச் சொல்கிறார். மாற்றவா?
- வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: வேண்டாம் சார், பேட்டரி பாவம், அதை விடுங்கள். உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனி கோளாறு. பழைய பல்பு பெரும்பாலும் 10 வாட், ஒரு பக்கத்துக்கு இரண்டு என்றால் 20 வாட், எல்.இ.டி. அதில் சிறு பங்குதான் இழுக்கும் என்பதால், இண்டிகேட்டரை விட்டுவிட்டு மின்ன வைக்கும் ஃபிளாஷர் ரிலே ஏதோ பல்பு ஃபியூஸ் போய்விட்டது என்று நினைத்து வேகமாக அடிக்கிறது. எல்.இ.டி.க்கான ரிலே போட்டால் சரியாகிவிடும். சிலர் பழைய பல்பு அளவுக்குக் கரண்ட் இழுக்க ரெசிஸ்டர் வைக்கச் சொல்வார்கள். அது கொதிக்கும், பக்கத்து வயரையும் உருக்கலாம், எனக்குப் பிடிக்காது.

இரண்டு பக்கமும் எரிவதற்குக் காரணம் மீட்டரில் இரு பக்கத்துக்கும் பொதுவாக இருக்கும் ஒரே பைலட் பல்பு, அதாவது இண்டிகேட்டர் போட்டிருப்பதைக் காட்டும் குட்டி விளக்கு. அதன் வழியாக எதிர்ப்பக்கம் கசியும் கொஞ்சம் கரண்டே எல்.இ.டி.க்குப் போதும். பைலட்டின் ஒரு முனையை எர்த்தில் கொடுத்து, மறுமுனைக்கு இடது, வலது வயர்களை ஆளுக்கொரு 1என்4007 டையோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் சின்ன பாகம்) வழியாக இணைக்கச் சொல்லுங்கள். டையோடின் வெள்ளிக்கோடு பைலட் பக்கம் இருக்க வேண்டும்.

ரிலே வாங்க ஜே.சி. ரோடு போனால் பழையதைக் கையோடு கொண்டு போங்கள். இரண்டு பின்னா மூன்று பின்னா என்று கடைக்காரர் கட்டாயம் கேட்பார்.