ரஷ்ய இரும்பு, பின்லாந்துக் குழல்

கேள்வி: சோவியத் யூனியனும் பின்லாந்தும் 1939-40-இல் மோதிய குளிர்காலப் போரில், பின்லாந்து வீரர் சிமோ ஹாய்ஹா ஐந்நூறுக்கும் மேற்பட்ட சோவியத் சிப்பாய்களைச் சுட்டது, பின்லாந்து இரகசியமாகத் தயாரித்த தொலைநோக்கி வைத்த ஸ்னைப்பர் துப்பாக்கியால்தான் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அந்தத் துப்பாக்கிகள் இன்று மிக அபூர்வமாமே? ரஷ்யர்களின் மோசின்-நாகாந்த் துப்பாக்கியைக் காப்பியடித்து அவர்கள் மேலேயே திருப்பிவிட்டார்கள் என்பதும் உண்மையா?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: அபூர்வம் என்பது மட்டும் சரி. மற்றவை தவறு.

ஹாய்ஹாவின் துப்பாக்கியில் தொலைநோக்கியே கிடையாது. அவர் கையில் இருந்தது எம்/28-30. பின்லாந்தின் தன்னார்வப் பாதுகாப்புப் படை உறுப்பினர்களுக்குப் பொதுவாக வழங்கப்பட்ட ரகம் அது; ஏறத்தாழ 40,000 செய்யப்பட்டன. இரகசியம் ஏதும் இல்லை. 1937-இல் ஹெல்சிங்கியில் நடந்த உலகத் துப்பாக்கி சுடும் போட்டியில் வெளிநாட்டு வீரர்களே அதைக் கையில் எடுத்துச் சுட்டிருக்கிறார்கள். கண்ணாடி இல்லாத வெறும் இரும்புக் குறியோடு, கொல்லா என்ற இடத்துப் போர்முனையில் நின்ற ஹாய்ஹா, 1940 மார்ச் 6 அன்று தாடையில் குண்டடி பட்டு விழுந்தார். போர் முடிந்தது மார்ச் 13-இல்.

கண்ணாடியை அவர் ஏன் ஒதுக்கினார்? தொலைநோக்கி குழலுக்கு மேலே உயரத்தில் உட்காரும். அதன் வழியே பார்க்க வேண்டுமானால் தலையைச் சில சென்டிமீட்டர் தூக்கியாக வேண்டும். கடும் குளிரில் மூச்சுக்காற்று பட்டாலே கண்ணாடியை ஆவி மூடிக்கொள்ளும். வெயில் பட்டால் மின்னிக் காட்டிக் கொடுக்கும்.

அடுத்தது காப்பியடித்த கதை. பின்லாந்து ஒரு மோசின்-நாகாந்த் ரிசீவரைக்கூட வார்த்தெடுக்கவில்லை. ரிசீவர் என்றால் குழல் திருகி நிற்கும், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் ஓடும் நடுப்பகுதி. ரஷ்யப் பேரரசின் படை விட்டுச்சென்ற துப்பாக்கிகள் 1918-இல் பின்லாந்து மண்ணில் குவிந்து கிடந்தன. 1920, 30-களில் மற்ற ஐரோப்பிய நாடுகளிலிருந்தும் வாங்கிச் சேர்த்தார்கள். ரிசீவருக்குப் பஞ்சமே இல்லை. தேய்ந்தும் துருவேறியும் போயிருந்தது குழல். ஆகவே ரிசீவரை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மாற்றினார்கள். ஒரு பின்லாந்து மோசினை மரக்கட்டையிலிருந்து கழற்றி, ரிசீவரின் வால்பகுதியைக் கவிழ்த்துப் பாருங்கள்: பெரும்பாலும் ரஷ்ய ஆலையின் முத்திரையும் ஆண்டும் அங்கே இருக்கும். பின்லாந்து முத்திரை இருப்பது குழலில்.

அந்த மாற்றங்களில்தான் சரக்கு இருக்கிறது. மோசினின் மூல ரகமான ரஷ்ய எம்/91-இன் 800 மில்லிமீட்டர் குழல் நீளமானது, மெல்லியது. நாலு குண்டு போனதும் சூடேறி அலையத் தொடங்கும். எம்/28-30-இல் 685 மில்லிமீட்டர், கனத்த குழல். ரிசீவருக்கும் கட்டைக்கும் இடையே மெல்லிய உலோகத் தகடுகளைச் செருகி, குழல் கட்டையில் எங்கும் உரசாதபடி தூக்கி நிறுத்தினார்கள். கட்டை ஈரத்தில் ஊதினாலும் குழலை நெட்டித் தள்ளாது. ஒரே நாளில் குண்டு காலையில் ஓரிடத்திலும் மாலையில் வேறிடத்திலும் பட்ட பழைய நோய் இதனால் தீர்ந்தது. இந்தத் தகடுகள் நாலணா சாமான். சேகரிப்பாளர்கள் சுத்தம் செய்யும்போது இவற்றைத் தொலைத்துவிட்டு, துப்பாக்கி சரியில்லை என்று பழி போடுகிறார்கள்.

குறியைப் பாருங்கள். பழைய ரஷ்யக் குறிகள் அர்ஷின் கணக்கில் இருந்தன. ஓர் அர்ஷின் சுமார் 71 சென்டிமீட்டர். 400 என்று வைத்தால் உண்மையில் 284 மீட்டர்தான். பின்லாந்துக் குறி 150 மீட்டரில் தொடங்கி மீட்டரிலேயே ஓடும். குழல் முனையில் இருக்கும் முன்குறியை ரஷ்யத் துப்பாக்கியில் சுத்தியலால் தட்டித்தான் நகர்த்த முடியும். எம்/28-30-இல் இடமும் வலமும் எதிரெதிராக இரண்டு திருகுகள்: ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கினால் முன்குறி மயிரிழை அளவில் நகரும். குண்டு வலப்பக்கம் போனால் முன்குறியையும் வலப்பக்கமே நகர்த்த வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் எதிர்ப்பக்கம் நகர்த்தி, பிழையை இரட்டிப்பாக்கிக்கொள்வது வழக்கம்.

இன்னொரு கோளாறு, மோசினோடு பிறந்தது. அதன் தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டினால் போல்ட் முன்னே போகாது. எம்/28-30-இல் தோட்டாப் பெட்டியைத் திருத்தியமைத்து, அதன் பக்கத்தில் ஹெச்.வி. என்று பொறித்தார்கள். ‘ஹாயிரியோவபா’, அதாவது ‘தடங்கலற்றது’ என்பதன் சுருக்கம். எதிரி எழும்பி வரும் நொடியில் சிக்கிக்கொள்ளாத பெட்டி, நான்கு மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியைவிடப் பெரிய வரம் என்பது என் உறுதியான கருத்து.

இனி நீங்கள் கேட்ட அபூர்வத்துக்கு வருகிறேன். தொலைநோக்கித் துப்பாக்கிகள் பின்லாந்திடம் இருந்தன, மிகச் சில. காரணம் கண்ணாடி. நல்ல குழலை ரீஹிமாக்கியில் சாகோ ஆலையால் கடைய முடிந்தது. ஒளியியல் கருவியை ஆயிரக்கணக்கில் தயாரிக்க அந்தச் சிறு நாட்டில் வசதி இல்லை. பிசிகா நிறுவனம் செய்த 3 மடங்குத் தொலைநோக்கியை ராணுவத்தின் எம்/27 ரகத் துப்பாக்கியில் பூட்டினார்கள். பட்டகம் வைத்த பெட்டி போன்ற கருவி அது. கனமானது, துப்பாக்கியின் இடப்பக்கம் தொங்கும். இந்த ரகம் 150 வாக்கில்தான் உருவானது.

பக்கத்தில் வைத்ததற்குக் காரணம் உண்டு. மோசினின் போல்ட் கைப்பிடி நேராக நீட்டிக்கொண்டிருக்கும். தூக்கினால் செங்குத்தாக நிற்கும். தொலைநோக்கி நேர் மேலே தாழ்வாக இருந்தால் அதில் முட்டும். கைப்பிடியை நீட்டிக் கீழ்நோக்கி வளைத்தால் அது தீரும். ஆனால் மேலிருந்து ஐந்து தோட்டாக்களைக் கிளிப்போடு ஒரே அழுத்தில் இறக்கும் வழி அடைபட்டுப் போகும். ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும், அதுவும் உறைந்த விரல்களால்.

பிறகு எம்/39 என்ற மோசின் ரகம் வந்தது. அதன் குழல் விட்டத்தை 7.85 மில்லிமீட்டர் என்று வைத்தார்கள். சோவியத்திடம் பிடித்த தோட்டாவும் உள்நாட்டு 13 கிராம் டி-166 குண்டும் இரண்டுமே ஓட வேண்டும் என்பது கணக்கு. 9.6 கிராம் சோவியத் குண்டுக்குக் குறிவைத்துவிட்டு 13 கிராம் குண்டைச் சுட்டால் படுமிடம் மாறும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. 1943-இல் ஜெர்மனியின் அயாக் தொலைநோக்கியை எம்/39-இல் பூட்டி எம்/39-43 என்று பெயரிட்டார்கள். பக்கவாட்டுப் பிடி சோவியத் மாதிரியைத் தழுவியது. அயாக் ‘4x90’ என்பதைப் பார்த்து 90 மில்லிமீட்டர் கண்ணாடி என்று எழுதுகிறார்கள். 90 என்பது ஒளிச்செறிவு எண். 38 மில்லிமீட்டர் கண்ணாடியை 4-ஆல் வகுத்தால் 9.5, அதன் வர்க்கம் 90. இந்த ரகமும் சில நூறைத் தாண்டவில்லை. சோவியத்திடம் கைப்பற்றிய தொலைநோக்கித் துப்பாக்கிகளையும் எஸ்.ஏ. (‘பின்லாந்து ராணுவம்’ என்பதன் பின்லாந்து மொழிச் சுருக்கம்) முத்திரை குத்தித் தம் வீரர்களுக்கே கொடுத்தார்கள். அந்த முத்திரை 1942-இல்தான் வந்தது. ஆகவே முத்திரையைக் காட்டி ‘குளிர்காலப் போரில் ஓடியது’ என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். அது போரில் இருந்ததா இல்லையா என்று முத்திரை சொல்லாது.

கடைசியாக ஒன்று. பின்லாந்து ராணுவம் 1980-களின் நடுவில் புதிய ஸ்னைப்பர் துப்பாக்கி வேண்டும் என்று முடிவெடுத்தபோதும் அதே பழைய ரிசீவர்களைத்தான் கையிலெடுத்தது. வால்மெட் ஆலையின் புதுக் குழலைத் திருகி, புதுக் கட்டை போட்டு, 7.62 டி.கே.ஐ.வி. 85 என்று படைக்குக் கொடுத்தார்கள். சிலவற்றின் ரிசீவரில் பொறித்திருக்கும் ஆண்டு 1890-களைச் சேர்ந்தது.