குரோஷா பிடிதுணி பின்ன ஏன் பருத்தி நூலே வேண்டும் என்கிறார்கள்?

சூடான பாத்திரத்தைப் பிடிக்கவும், இறக்கி வைக்கும்போது அடியில் போடவும் குரோஷா ஊசியால் (நுனியில் கொக்கி உள்ள ஊசி) பின்னும் தடித்த துண்டுதான் பிடிதுணி.

கையைக் காப்பாற்றுவதில் பெரும்பங்கு நூலிழைகளுக்கு நடுவே அடைபட்ட காற்றுக்கு. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஒரு கனமான போர்வையைவிட இரண்டு மெல்லிய போர்வைகள் சேர்த்துப் போர்த்தினால் குளிர் நன்றாக அடங்குமே, அதே கணக்கு. அதனால் இரண்டு அடுக்காக, நெருக்கமாகப் பின்னுங்கள். பூ வேலைப்பாடு அழகுதான். ஆனால் அதன் ஓட்டைகள் வழியே சூடு நேராக விரலுக்கு வந்துவிடும். பின்னால் ஓட்டையில்லாத இன்னொரு அடுக்கை வைத்துத் தைத்துவிட்டால் அழகும் போகாது, கையும் சுடாது.

சரி, நூலுக்கு வருவோம். கடையில் கிடைக்கும் அக்ரிலிக் நூல் ஒரு வகை பிளாஸ்டிக். அதிகச் சூட்டில் இளகி உருகும், தோலில் ஒட்டினால் காயம் ஆழமாகும். பருத்தி உருகாது, சூடு மிஞ்சினால் கருகத்தான் செய்யும். கம்பளி நூலும் உருகாது, ஆனால் துவைக்கும்போது சுருங்கலாம்.

ஈரத்துணி குளிர்ச்சியாக இருப்பதால் கையை நன்றாகக் காக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும், எனவே நனைந்த பிடிதுணியால் சூடான பாத்திரத்தைத் தொடவே வேண்டாம்.