மூட்டை எண்ணப் போகும் மகன்

கேள்வி: தஞ்சாவூர்ப் பக்கம் அப்பா விட்டுப்போன நிலம் ஒரு வேலி, அதாவது இருபது மா, ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். அவர் காலமாகி நான்கு வருடம் ஆகிறது. நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். அம்மா ஊரில் இருக்கிறார். சாகுபடியை அப்பா காலத்துக் காரியக்காரர்தான் கவனிக்கிறார். மாவுக்குப் பத்து மூட்டை கண்ட சம்பா, ஆறுக்கு வந்துவிட்டது. தையில் அறுவடை மெஷின் இறங்கும் நாளில் தவறாமல் லீவு போட்டுப் போய் நானே மூட்டையை எண்ணுகிறேன். அப்படியும் கணக்கு உதைக்கிறது. ஆளை மாற்றுவதா, நிலத்தை விற்றுவிடுவதா? தங்கை கல்யாணமாகிப் போய்விட்டாள், முடிவு என்னுடையதுதான்.

பதில்: மெஷின் இறங்கும் நாளில் தவறாமல் போய்விடுகிறீர்கள். மற்ற நாட்களில்? கடிதத்தில் ஒரு வரி இல்லை. குறைந்த நாலு மூட்டை களத்திலிருந்து களவு போனதாக நினைக்கிறீர்கள். அது விளைந்ததா என்று கேட்டீர்களா? ஆறா பத்தா என்பது கார்த்திகையிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். அப்போது வரப்பில் நின்றவர் நீங்கள் சந்தேகப்படும் அந்த மனிதர்.

சித்திரையில் ஒரு மழை பெய்ததும் கோடை உழவு ஓட்ட வேண்டும். கோரையும் மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுவும் வெயிலில் காயும். பிறகு பசுந்தாள் உரத்துக்காக ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 40, 45 நாளில் பூக்கும் சமயம் மடக்கி உழ வேண்டும். இதற்கெல்லாம் டிராக்டருக்குப் பணம் அனுப்பினீர்களா?

சம்பாவுக்கு சி.ஆர். 1009 போன்ற நீண்டகால ரகம் என்றால், ஏக்கர் நடவுக்கு எட்டு சென்ட் நாற்றங்காலும் 12 கிலோ விதையும் போதும். நாற்றை 30லிருந்து 35 நாளுக்குள் பறித்து நட்டுவிட வேண்டும். நடவுக்கூலி வந்து சேரத் தாமதமாகி நாற்று 50 நாள் நின்றால், எத்தனை உரம் போட்டாலும் தூர் கட்டாது, பக்கக் கிளைப்பு வராது. உங்கள் வயலில் நாற்று எத்தனை நாள் நின்றது, பணம் எந்தத் தேதியில் போனது என்று பேங்க் பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள்.

உண்மையான சேதம் ஐப்பசி, கார்த்திகையில்தான். டெல்டாவில் பாசனத்தைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் உண்டு, வடிகாலைக் கேட்பார் இல்லை. வெங்காயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்துக் கிடக்கும் வடி வாய்க்காலைப் புரட்டாசிக்குள் வெட்டாவிட்டால், அடைமழையில் தண்ணீர் வயலிலேயே தேங்கும். வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும், கட்டிய தூரும் சாகும். தண்ணீர் வடிந்த பிறகாவது, ஏக்கருக்கு 22 கிலோ யூரியாவை 18 கிலோ ஜிப்சத்தோடும் 4 கிலோ வேப்பம் புண்ணாக்கோடும் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துப் போட்டால் பயிர் ஓரளவு தேறும். தண்ணீர் நிற்கும்போதே போட்டால் உரம் வீண். பயிர் மஞ்சளாகத் தெரிகிறதே என்று வெறும் யூரியாவை அள்ளிப்போட்டால், அடித்தண்டில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிதான் வரும். மேலாக நின்று பார்த்தால் அது தெரியாது. குனிந்து, தூரை விலக்கி, அடித்தண்டைப் பார்க்க வேண்டும். நடும்போதே எட்டடிக்கு ஓர் அடி இடைவெளி, அதாவது பட்டம், விட்டிருந்தால் காற்றோட்டம் இருக்கும்.

சம்பா காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். கிராம நிர்வாக அலுவலரிடம், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கல் வாங்க வேண்டும், பிரீமியம் கட்ட வேண்டும். நீங்கள் ஊரில் இல்லாத மாதம் அது.

தையில் நீங்கள் வந்து இறங்கும்போது உளுந்தின் பருவமும் தப்பிவிடும். அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பே, மண் மெழுகுபதத்தில், தண்ணீர் தேங்காமல் ஈரமாக இருக்கும்போது, நிற்கும் பயிருக்குள் ஏக்கருக்கு 12 கிலோ உளுந்தைத் தெளிக்க வேண்டும். அந்த வருமானம் உங்கள் கணக்கில் இருக்கிறதா?

எண்ணுவதையாவது ஒழுங்காகச் செய்யுங்கள். ஈர நெல் மூட்டையும் காய்ந்த நெல் மூட்டையும் ஒன்றல்ல. கொள்முதல் நிலையத்தில் தளர்வு தராத வரை 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் எடுக்கமாட்டார்கள். கிலோவில், ஈரப்பதத்தோடு எழுதி வையுங்கள். அதில் இடித்தால் காரியக்காரரைக் கேளுங்கள். அதற்கு முன்னால் நான்கு வருடமாக அவருக்குச் சம்பளம் எத்தனை ரூபாய் ஏற்றினீர்கள் என்பதற்கும் பதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவை நம்பி உழைத்தவரைத் திருடன் என்று சொல்ல, வருடத்தில் ஒரு நாள் வருகிறவருக்கு உரிமை கிடையாது. சித்திரை, ஆவணி, ஐப்பசி, மார்கழிக் கடைசி என்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் போய்த் தங்குங்கள். அறுவடைக்கு மட்டும் மகனைப் பார்க்கும் அம்மாவுக்கும் அது ஆகும். இத்தனை வருடம் அந்த வயலோடு வாழ்ந்தவரிடம் ஒரு கேள்வி கேட்டதாகக்கூட நீங்கள் எழுதவில்லை.

விற்பது உங்கள் முடிவு அல்ல. உயில் இல்லையென்றால் அம்மாவுக்கும் தங்கைக்கும் பங்கு உண்டு. கல்யாணமானதால் பெண்ணின் பங்கு கரைந்துவிடாது. அவள் கையெழுத்தில்லாமல் அவள் பங்கை விற்க முடியாது. முடிந்தாலும் கூடாது என்பேன். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, மூன்று பேர் பெயரிலும் பட்டாவை மாற்றுங்கள்.

முதலில் தங்கைக்குப் போன் போடுங்கள். வருகிற சனிக்கிழமை ஊருக்குப் போய், வடி வாய்க்கால் எங்கே அடைத்திருக்கிறது என்று காரியக்காரரைக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்து வயல்காரர்களையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். கீழ் வயல்காரர் தன் பங்கை வெட்டாவிட்டால் உங்கள் தண்ணீர் போக இடம் இருக்காது.