வடசென்னை காலியாகிவிடுமா? ஒரு கேள்வி பதில்

வியாசர்பாடிக்காரன். கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். மக்கள் ஊர் மாறுவதைக் கணக்கில் எழுதுவது பற்றிக் கேளுங்கள். மனை விலை வேண்டாம்.

கொருக்குப்பேட்டை வாசகர்: எல்லாரும் தெற்கே போய்க்கொண்டே இருந்தால் இங்கே யார் மிஞ்சுவார்கள்?

நிறைய பேர் மிஞ்சுவார்கள். கற்பனைக் கணக்கு ஒன்று: வடக்கே 6 லட்சம் பேர், தெற்கே 1 லட்சம். ஆண்டுக்கு வடக்கிலிருந்து 5% கிளம்புகிறார்கள், தெற்கிலிருந்து 2% திரும்புகிறார்கள். முதல் ஆண்டில் 30,000 பேர் போக, 2,000 பேர் வர, வடக்கே 5,72,000. அடுத்த ஆண்டு 5,45,960. இறக்கம் வருடா வருடம் குறைந்துகொண்டே வந்து 2 லட்சத்தை நெருங்கி நிற்கும். அப்போது போகிறவர் 10,000, தெற்கிலுள்ள 5 லட்சத்திலிருந்து வருகிறவரும் 10,000. ஆனால் இந்த 5%, 2% எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் யார் காட்டும் வரைபடத்தையும் நம்பாதீர்கள்.

திருவொற்றியூர் வாசகர்: 2011-இல் சென்னை மாநகராட்சியின் மக்கள்தொகை திடீரென ஏறியதே?

அந்த ஆண்டு மாநகராட்சி 174 சதுர கி.மீ.யிலிருந்து 426 ஆனது. நீங்கள் வீட்டை விட்டு நகராமலே மாநகராட்சிக்குள் வந்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

மணலி வாசகர்: மீஞ்சூர் பக்கம் மனை வாங்கலாமா?

தரகரைக் கேளுங்கள். இதே கேள்வி இது மூன்றாவது முறை.

தண்டையார்பேட்டை வாசகர்: ஈர்ப்பு மாடல் என்றால்?

இரண்டு ஊருக்கிடையே எத்தனை பேர் இடம் மாறுவார்கள் என்று கணிக்க, இரண்டு ஊர் மக்கள்தொகையையும் பெருக்கி, இடையிலுள்ள தூரத்தின் ஓர் அடுக்கால் வகுப்பது. அந்த அடுக்கு 2 ஆகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை, தரவுதான் சொல்லும். பெரும்பாலோர் கிட்டத்தில்தான் இடம் மாறுகிறார்கள் என்று புவியியலாளர் ராவென்ஸ்டைன் 1885-லேயே எழுதிவிட்டார்.

வியாசர்பாடி வாசகர்: கால்வாய் ஓரம் இருந்த எங்க சித்தியை லாரியில் ஏற்றித் தெற்கே பெரும்பாக்கத்தில் இறக்கினார்கள். இதில் ஈர்ப்பு எங்கே சார்?

எங்கேயும் இல்லை. அது தள்ளுமுள்ளு. போகிறவர் தானே முடிவெடுக்கிறார் என்று அந்தச் சூத்திரம் வைத்துக்கொள்கிறது. இடிப்பு ஆணையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

அதே வாசகர்: சித்தி இங்கே வடக்கே காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிறார். விடியற்காலை ஏலத்துக்குப் பெரும்பாக்கத்திலிருந்து பஸ் கிடைக்காது. வாரம் 2 ராத்திரி அக்கா வீட்டில் படுக்கை. ரேஷன் கார்டு அங்கே, பாய் இங்கே. எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?

என் மாடலில் அவருக்கு இடமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆளுக்கு ஒரே ஊர் என்று வைத்ததுதான் கோளாறு. 2/7 வடக்கு, 5/7 தெற்கு என்று பிரிக்கலாம். ஆனால் தண்ணீரைக் கார்டு இருக்கும் ஊரின் தலைக்கணக்கில் பங்கிட்டால், அவர் குடம் பிடிக்கும் அக்கா தெருவுக்கு அந்த 2/7 வரவே வராது.

கொருக்குப்பேட்டை வாசகர்: முதல் கணக்கும் 2-க்கு 5 தானே சார்?

தற்செயல். எண் ஜோசியம் பார்க்காதீர்கள்.